பதறவும் வசதி வேண்டும்

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவாகக்கூடும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் காலையில் சொன்னால், மாலைக்குள் கொழும்பில் பாண் தீர்ந்துவிடுகிறது. பாணோடு முட்டை, பருப்பு, டின்மீன், நூடுல்ஸ், மெழுகுதிரி எல்லாம் போய்விடும். பெற்றோல் செட்டில் வரிசை வீதிவரை நீளும். சுப்பர்மார்க்கட்டில் போத்தல் தண்ணீர் இருந்த தட்டில் விலைச்சீட்டு மட்டும் தொங்கும். வானத்தில் அந்த நேரம் பேருக்கு ஒரு மேகம்கூட இருக்காது.

இந்த விஷயத்தில் நம் நகரத்து மக்களின் கட்டுப்பாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். முன்னால் நிற்பவர் பத்து இறாத்தல் பாண் வாங்குவதைப் பார்த்து, "என்ன சனமப்பா, உலகம் அழியப்போற மாதிரி அள்ளுதுகள்" என்று முகம் சுளிப்பார்கள். பிறகு தாங்களும் பத்து வாங்குவார்கள். மூன்றாம் நாள் பளீரென்று வெயில் அடிக்கும். பூஞ்சணம் பிடித்த பாணை மொட்டைமாடியில் காகத்துக்குப் பிய்த்துப் போட்டபடியே திணைக்களத்தைத் திட்டுவார்கள்: "ஒரு மழையை ஒழுங்காச் சொல்லத் தெரியாத ஆக்களுக்குச் சம்பளம் வேற." புயல் வந்தால் ஏன் முன்பே சொல்லவில்லை என்று திட்டு, சொன்ன புயல் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று திட்டு. காகங்கள் மட்டும் இதுவரை யாரையும் திட்டியதாகத் தெரியவில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் வானிலை ஆய்வுகூடங்களாக மாறும் நாளும் அதுதான். "விமானப்படையில இருக்கிற என்ட நண்பனின் மச்சான் சொன்னது, அரசாங்கம் மறைக்குது, உடனே எல்லாருக்கும் அனுப்புங்கோ" என்று ஒரு பெரியப்பா குரல்பதிவு போடுவார். ஏதோ ஓர் அணை உடைந்துவிட்டதென்று ஒரு சித்தி அழுவார். எந்த நாட்டு வெள்ளமென்று தெரியாத ஒரு காணொளி, பின்னணியில் புரியாத ஒரு பாஷையோடு, "சற்றுமுன் கம்பளையில்" என்ற தலைப்புடன் வந்து சேரும். விண்டி செயலியில் கடல் சிவப்பாகத் தெரிகிற படத்தை மருமகன் அனுப்புவார். அது காற்றா, மழையா, அலையா என்று அவருக்கும் தெரியாது. சிவப்பாக இருக்கிறது, அது போதும்.

யூடியூப்காரர்களுக்கு இது அறுவடைக்காலம். கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, பின்னால் ஒரு சுழல்காற்றை ஒட்டி, "48 மணித்தியாலத்தில் இலங்கைக்கு என்ன நடக்கப்போகிறது?" என்று ஒரு படம். உள்ளே போனால் பதினெட்டு நிமிடம் பேசுவார். கடைசியில், எதுவும் நடக்கலாம், எதுவும் நடக்காமலும் இருக்கலாம், சனலை சப்ஸ்கிரைப் பண்ணுங்கள் என்று முடிப்பார். திணைக்களமும் ஏறத்தாழ அதைத்தான் சொன்னது. அதற்குக் கண்ணை உருட்டத் தெரியாது.

சிரித்தாயிற்று. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லத்தான் வேண்டும்.

2025 நவம்பர் கடைசி வாரம் டிட்வா புயல் வந்தது. 28ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நாடெங்கும் அவசரகால நிலையை அறிவித்தார். ஆறுகள் ஊர்களுக்குள் வந்தன. மலைகள் வீடுகளுக்குள் வந்தன. செத்தவர்கள் 600க்கும் மேல். தேடியும் கிடைக்காதவர்கள் தனிக்கணக்கு. உயிர்கள் அதிகம் போனது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில், மண்சரிவில். வீதிகள் அறுந்தன, மலையக ரயில் பாதை பல இடங்களில் அந்தரத்தில் தொங்கியது, மின்சாரமும் தொலைபேசியும் போய் நுவரெலியா உலகத்திலிருந்தே துண்டானது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாடு, இனி வானத்தை நம்புவதில்லை என்று முடிவெடுத்தது. சரியான முடிவுதான். ஒரே ஒரு குறை: இந்தப் பயத்தைச் சம்பாதித்தவர் வேறு, அதைச் செலவழிப்பவர் வேறு. மலையில் புதைந்தவர்கள் சம்பாதித்த பயத்தைச் சமவெளிக்காரர் சுப்பர்மார்க்கட்டில் செலவழிக்கிறார்.

கொழும்பை மட்டும் குற்றம் சொல்லவில்லை. 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தார்கள். உடனே வேளச்சேரி மேம்பாலத்தின் இரண்டு ஓரத்திலும் கார்கள் அணிவகுத்தன. பாலும் காய்கறியும் கடைகளில் காணாமல் போயின. 16ஆம் திகதி எதிர்பார்த்த பெருமழை வரவேயில்லை. தாழ்வு மண்டலம் மறுநாள் சென்னைக்கு வடக்கே கரையேறிவிட்டது. கார்க்காரர்களைப் பார்த்து ஊரே சிரித்தது. நான் சிரிக்கமாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கூரைவரை மூழ்கிய காரைக் கண்டவர்கள் அவர்கள். அவர்களிடம் கார் இருந்தது, பக்கத்தில் மேம்பாலம் இருந்தது, ஏற்றி வைத்தார்கள். அதில் என்ன தப்பு? தமிழர்கள் பெருவாரியாகப் போய்க் குடியேறிய ரொறன்ரோவில் 1999 ஜனவரியில் பனி கொட்டியபோது, மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தையே வரவழைத்தார். மற்றக் கனடியர்கள் அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் ரொறன்ரோவைக் கேலிசெய்கிறார்கள். அங்கே இராணுவம் வந்தது வீதியில் கிடந்த பனியை அள்ள. எங்கள் மலைக்கு இராணுவம் வருவது மண்ணைத் தோண்ட, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

ஆக, பதறுவதற்கு ஒரு தகுதி வேண்டும். காசு வேண்டும், வாங்கியதை வைக்கக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும், ஏற்றி ஓட வாகனம் வேண்டும், ஓடிப்போய்ச் சேர வேறோர் ஊரில் ஒரு வீடு வேண்டும். இந்த நான்கும் உள்ளவர் பதறினால் அதற்கு முன்னெச்சரிக்கை என்று பெயர். நான்கும் இல்லாதவர் பதறினால், "மக்கள் வீணாகப் பதற்றமடைய வேண்டாம்" என்று அதிகாரிகள் ஒலிவாங்கி பிடித்துச் சொல்வார்கள்.

இனி மேலே வாருங்கள். ஹட்டன் தாண்டி, நோர்வூட் தாண்டி, பஸ் போகாத இடத்தில் ஆட்டோவும், ஆட்டோ போகாத இடத்தில் காலும் போகிற தேயிலைத் தோட்டங்களுக்கு வாருங்கள்.

மண்சரிவு எச்சரிக்கை விடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். கணக்குத் தெளிவானது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், விழிப்பாயிரு. 100 தாண்டினால் செம்மஞ்சள், ஆயத்தமாயிரு. 150 தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ சிவப்பு, வெளியேறு. இந்த அறிவியலில் பழுதில்லை. இந்தக் கணக்கு கொழும்பிலிருந்து மாவட்டச் செயலகம், அங்கிருந்து பிரதேச செயலகம், அங்கிருந்து கிராம உத்தியோகத்தர், அங்கிருந்து தோட்டக் காரியாலயம் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வரவேண்டும். வழியில் ஒவ்வொரு மேசையிலும் அது தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறது. மழைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. டிட்வா நாட்களில் எச்சரிக்கைகள் தமிழில் பிந்தியும் குறைந்தும் வந்ததை அப்போதே பலர் சுட்டிக்காட்டினார்கள். மலை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உடனே சரியும், தமிழில் மட்டும் மொழிபெயர்ப்பாளர் லீவு முடிந்து வந்தபிறகு சரியும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

எச்சரிக்கை எப்படியோ வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். விடிந்தும் விடியாத நேரம், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களம். தலையில் கொங்காணி, இடுப்பில் படங்கு, காலடியில் செந்தண்ணி ஓடுகிறது. இந்தப் பேச்சைக் கேட்காத தோட்டக்காரர் குறைவு:

"ஐயா, செவப்பு எச்சரிக்கைனு டீவியில சொல்றாங்களே?"

"அது அந்தப் பக்கத்துக்கு. நமக்கு மஞ்சள்தான்."

"மேட்டு லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்குங்கய்யா."

"பாத்துக்குவோம். இப்ப வேலைக்கு வர்றீங்களா இல்லியா, அத சொல்லுங்க."

"வரலைனா?"

"வரலைனா பேரு இல்ல."

பேர் என்றால் அன்றைய நாட்சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். வராவிட்டால் அதுவும் கிடையாது. 2025 நவம்பர் 7ஆம் திகதி வாசித்த வரவுசெலவுத் திட்டத்தில், 1,350 ரூபா நாட்சம்பளம் ஜனவரியிலிருந்து 1,550 ரூபா ஆகும் என்றும், அதற்குமேல் ஒழுங்காக வேலைக்கு வருகிறவருக்கு நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசாங்கமே தரும் என்றும் அறிவித்தார்கள். வருகை ஊக்குவிப்பாம். அறிவித்து மூன்று வாரத்தில் டிட்வா வந்தது. அரசாங்கத்தின் ஒரு திணைக்களம் "உடனே வெளியேறு" என்கிறது. இன்னொரு திணைக்களம் "வந்தால் 200" என்கிறது. இரண்டும் ஒரே அரச இலச்சினையுடன் வருகின்றன. உயிருக்குப் பயந்து ஓடுகிறவருக்கு ஒரு ரூபா ஊக்குவிப்புக்கூட எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இல்லை.

ஆபத்து வருமுன் அறிகுறி தெரியும், அதைக் கவனியுங்கள் என்று துண்டுப்பிரசுரங்கள் சொல்கின்றன. நிலத்தில் வெடிப்பு விழும். சுவரில் கீறல் ஓடும். கதவு யன்னல் சாத்த முடியாமல் இறுகும். மரங்களும் மின்கம்பங்களும் சாயும். ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கும், அல்லது புதிய இடத்தில் ஊற்றெடுக்கும். படித்துவிட்டு லயத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். சுவர்க் கீறல் தாத்தா காலத்தது. அதில்தான் சாமிப்படம் மாட்ட ஆணி அடித்திருக்கிறார்கள். முன்கதவு மாரிகாலத்தில் என்றைக்குச் சாத்தியது? இஸ்தோப்பு ஒரு பக்கம் இறங்கி வருஷக்கணக்காகிறது. பீலித்தண்ணி மழைக்குக் கலங்காத நாள் உண்டா? லயத்தின் நித்திய இலட்சணங்களையே மண்சரிவின் அறிகுறி என்று அச்சடித்துக் கொடுத்தால், இந்தச் சனம் எந்த நாளில் ஓடுவது? துண்டுப்பிரசுரத்தை நம்பினால் 1890ஆம் ஆண்டிலிருந்தே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

லயம் அந்த இடத்தில் ஏன் நிற்கிறது என்பதும் இயற்கை செய்த காரியமில்லை. வெள்ளைக்காரத் துரை நிலத்தைப் பிரித்தபோது நல்ல மண்ணைத் தேயிலைக்கு எழுதினான். காற்றும் காட்சியும் உள்ள மேட்டைத் தன் பங்களாவுக்கு எழுதினான். தேயிலைக்கும் பங்களாவுக்கும் ஆகாத ஓடையோரமும் செங்குத்துச் சரிவின் அடிவாரமும் மிஞ்சின. அங்கே பத்தடி பன்னிரண்டடிக் காம்பராக்களை வரிசையாகக் கட்டி மனிதர்களை அடைத்தான். ஒன்றை மட்டும் அவன் ஒழுங்காகச் செய்தான்: கான் வெட்டினான். மலைமுழுக்கக் குறுக்கே கான்கள், அவற்றைத் துப்புரவாக்க ஆட்கள். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கித் தேங்காமல் ஓடை சேர்ந்தது. தோட்டங்களை 1970களில் அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. கான் வெட்டுவதில் கிலோக் கணக்கு வராது, ஏலத்தில் விலைபோகாது. ஆகவே கான் தூர்ந்தது, தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது, மண் பாரமாகியது, பாரமான மண் தனக்குக் கீழே உள்ள கூரையைத் தேடியது. இதற்குப் பெயர் இயற்கை அனர்த்தமாம். காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, தேயிலை உலகச் சந்தையுடையது. மண்சரிவு மட்டும் தொழிலாளியின் சொந்தச் சொத்து.

எச்சரிக்கையைக் கேட்டும் போகாத சனம் என்று சிலர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கொஸ்லந்தை மீரியபெத்தையை ஞாபகப்படுத்துகிறேன். அந்த லயங்கள் ஆபத்தான இடத்தில் நிற்கின்றன, சனத்தை அகற்றுங்கள் என்று 2005இல் சொன்னார்கள். 2011இல் திரும்பவும் சொன்னார்கள். சொன்னது காகிதத்தில் இருந்தது. காகிதம் கோப்பில் இருந்தது. கோப்பு அலுமாரியில் இருந்தது. சனம் லயத்தில் இருந்தது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கியது. அப்போதும் சொன்னார்கள்: "நாங்கள் எச்சரித்தோமே, இவர்கள் போகவில்லையே." எங்கே போவது? எச்சரித்தவர் ஒரு பேர்ச் காணியாவது காட்டினாரா? போ என்று சொன்னவர் எங்கே என்று சொல்லாவிட்டால் அது எச்சரிக்கை ஆகாது. பின்னொரு நாள் விசாரணை வந்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிவைத்த கடிதம் அது.

சரி, போனோம். தோட்டத்துப் பள்ளிக்கூடம். அதுவும் அதே மலையில்தான், இரண்டு கான் தள்ளி. ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பம். கரும்பலகையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் பின்னக்கணக்கு அழியாமல் இருக்கும். அதன் கீழே ஈரச் சேலை காயும். ஒரு கழிவறைக்கு முன்னால் எழுபது பேர் நிற்பார்கள். முதல் நாள் சோற்றுப் பார்சல் வரும், இரண்டாம் நாள் அமைச்சர் வருவார், மூன்றாம் நாள் முன்னாள் அமைச்சர் வருவார், நான்காம் நாள் தொழிற்சங்கத் தலைவர் வந்து முந்திய இருவரையும் திட்டுவார். எல்லாரோடும் கமரா வரும். பாட்டி ஒருத்தி ஒரே நுளம்புவலையை மூன்று பேரிடமும் வாங்குகிற மாதிரிப் படம் எடுக்கவேண்டி வந்தாலும், அவள் முகம் கோணாமல் நிற்பாள். பழக்கம். ஒவ்வொரு தேர்தலிலும் ஒரே வீட்டைத் திரும்பத் திரும்ப வாங்கியவள் அவள்.

வெள்ளையடித்த மாதிரி வானம் வெளுத்ததும் அடுத்த உத்தரவு வரும்: பள்ளிக்கூடம் திறக்கவேண்டும், லயத்துக்குத் திரும்புங்கள். வெடித்த மண் வெடித்தபடியே இருக்கிறது. மேலே உருண்டுவந்து பாதியில் நின்ற கல் அங்கேயே நிற்கிறது. அந்தக் கல்லைக் காட்டி, "இது விழுமா விழாதா, எழுத்துல குடுங்க, போறோம்" என்று ஒரு பெண் கேட்டால், அங்கேதான் நாட்டின் பொறுமை தீர்கிறது. "மழை விட்டுச்சில்ல? ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" "சும்மா பெருசுபடுத்துறாங்க." "வீடு வாங்கத்தான் இந்த நடிப்பு." முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கடலில் இருந்த சுழியைப் பார்த்துப் பத்து இறாத்தல் பாண் வாங்கியவர் விழிப்புணர்வு உள்ள குடிமகன். தலைக்குமேல் முப்பது அடியில் தொங்கும் கல்லைப் பார்த்துப் பயந்தவள் நாடகக்காரி.

நாடகம் என்றால் நானும் ஒன்றைக் காட்டுகிறேன். டிட்வா ஓய்ந்த கையோடு பாராளுமன்றத்தில் ஒன்று நடந்தது: யாருக்கு எப்போது தெரியும், எத்தனை நாள் முன்பே தெரியும், தெரிந்தும் ஏன் செய்யவில்லை. எதிர்க்கட்சிக்கு எல்லாமே முன்பே தெரியுமாம். ஆளுங்கட்சிக்கு இவ்வளவு என்று தெரியாதாம். மீரியபெத்தை சரிந்தபோது ஆட்சியில் யார் இருந்தார்கள், அதற்கு முந்திய எச்சரிக்கைகளின்போது யார் இருந்தார்கள் என்று எவரும் கேட்டுக்கொள்ளவில்லை. மாறிமாறி இருந்த எல்லாருக்கும் மாறிமாறித் தெரிந்திருந்தது. முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது. அதைக் குறைசொல்ல மாட்டேன், இந்த நாட்டில் அது பெரிய தொகை. ஆனால் உறுதிப்பத்திரம் இல்லாத, பலருக்குத் தபால் முகவரிகூடத் தோட்டக் காரியாலயமாகவே இருக்கிற ஒரு சனம், அழிந்தது தன்னுடைய வீடுதான் என்று எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிக்கும்? இருநூறு வருஷம் வாழ்ந்ததற்கு ரசீது இல்லை.

வளிமண்டலவியல் திணைக்களம் இதே மலைக்கு இன்னொரு முன்னறிவித்தலும் விடுவதுண்டு. ஜனவரி, பெப்ரவரியில் வானம் துடைத்துவிட்டது போலிருக்கும் இரவுகளில் நுவரெலியாவில் தரை உறைபனி ஏற்படலாம் என்று சொல்வார்கள். நிலம் தன் சூட்டை வெறும் வானத்துக்குப் பறிகொடுத்து, வெப்பநிலை மூன்று நான்கு பாகைக்கு இறங்கி, புல்லில் படிந்த ஈரம் விடியலில் வெள்ளையாக உறைந்து நிற்கும். அவ்வளவுதான். தொலைக்காட்சிக்கு அது போதுமா? "நுவரெலியாவில் பனிமழை!" அன்று இரவே கொழும்பிலிருந்து வாகனங்கள் கிளம்பும். டிசம்பரில் "அந்த மலைப்பக்கம் தலைவைத்தும் படுக்காதே" என்று குரல்பதிவு போட்ட அதே பெரியப்பா, ஜனவரியில் கம்பளித் தொப்பியும் கையுறையுமாகக் குதிரைப்பந்தயத் திடலில் நின்று, கார்க் கண்ணாடியிலிருந்து ஒரு கரண்டி வெள்ளையைச் சுரண்டிக் கையில் வைத்துப் படம் எடுப்பார். ஹோட்டல்கள் விலையை ஏற்றும். வெள்ளைக்கார கவர்னர் கிரகரி 1873இல் வெட்டுவித்த வாவியைச் சுற்றிக் குட்டி இங்கிலாந்தில் குட்டி வெள்ளைக்காரர்கள் நடப்பார்கள்.

வெயில் ஏறியதும் அந்த வெள்ளை உருகும். பள்ளத்து மலைகளில் தேயிலைக் கொழுந்து இஸ்திரிப்பெட்டி பட்ட துணியைப் போலக் கருகிச் சிவந்து நிற்கும். கருகிய செடியில் கொழுந்து எங்கே? கொழுந்து இல்லாவிட்டால் கிலோ எங்கே? கிலோ இல்லாவிட்டால் பேர் எங்கே? விறைத்த விரலால் எஞ்சிய கொழுந்தைத் தேடிக் கிள்ளுகிறவளை நோக்கி வீதியிலிருந்து ஒரு குரல் வரும்: "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சிரிங்களேன்." சிரிக்கிறாள். அந்தப் படம் மறுநாள் ஏதாவதொரு பயணப் பக்கத்தில் "பனிக்காலத்துப் புன்னகை" என்று வரும். பனிக்காலத்து அரைப்பேர் என்று எழுதினால் யாரும் லைக் போடமாட்டார்கள்.

ஆகவே மிகைப்பதற்றத்தை ஒழிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதைப் பகிர்ந்து கொடுங்கள் என்று கேட்கிறேன். கொழும்பில் தேவைக்கு மேல் குவிந்து கிடக்கிறது. மலையில் கடும் தட்டுப்பாடு. சிவப்பு எச்சரிக்கை விழுந்த நேரத்தில் தோட்டத் துரைமார் கொஞ்சம் பதறட்டும். கம்பனித் தலைமையகம் குளிரூட்டிய அறையில் கொஞ்சம் வியர்க்கட்டும். 2005ஆம் ஆண்டுக் கோப்பு வைத்திருக்கும் அலுமாரிச் சாவிக்காரர் ஓரிரவு நித்திரை இல்லாமல் புரளட்டும். தேவையானால் பாணும் நாங்களே வாங்கித் தருகிறோம்.

அது முடியாதென்றால், செய்யக்கூடிய சில காரியங்களையாவது செய்யுங்கள். எந்தெந்த லயங்கள் ஆபத்துவலயத்தில் நிற்கின்றன என்ற பட்டியலைக் கொழும்பில் பூட்டி வைக்காமல், அந்தந்த லயத்துச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள். சிங்களத்தில் எச்சரிக்கை போகும் அதே நிமிடம் தமிழிலும் போகட்டும். தூர்ந்த கான்களை வெட்டுங்கள். வெட்டுகிறவருக்கு முழுப்பேர் கொடுங்கள். வெளியேற்றினால் திரும்பிப் போகத் தேவையில்லாத இடத்துக்கு வெளியேற்றுங்கள், அந்தக் காணியை அவர்கள் பெயருக்கே எழுதுங்கள். கம்பனி குத்தகையில் தரிசாகக் கிடக்கும் நிலத்தைப் பார்த்தபடியே "காணி இல்லை" என்று சொல்வதை நிறுத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒன்று, இதற்கு ஓர் ஆணைக்குழுவும் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்: சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளில் மலைக்குப் போகாமல் உயிரைக் காப்பாற்றிக்கொண்டவருக்கு அன்றைக்கு முழுப்பேர், வருகைக்கான அந்த 200 ரூபாவோடு சேர்த்து. உயிரோடு இருப்பதும் ஒரு வருகைதான். அரசாங்கமும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். பதில் தமிழில் வரட்டும், அடுத்த தாழமுக்கத்துக்கு முன்னால் வரட்டும்: பேர் போடுவீர்களா, மாட்டீர்களா?